குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சுவர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்தச் சுவரு எதுக்குங்க?" என்பதுதான். வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவில், எதையும் தாங்காமல், எதையும் மறைக்காமல், இடுப்புயரத்துக்கு ஒரு செங்கல் சுவர் நிற்கிறது. குளிக்கப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவசரமாக ஓடுகிறவர்கள் முழங்காலை இடித்துக்கொள்ள வேண்டும். அதன் கதை அப்பாவின் சான்றிதழில் தொடங்குகிறது. சரியாகச் சொன்னால், அப்பா வாங்காத சான்றிதழில்.

அப்பா கொத்தனார். குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. மலையில் வீடு கட்டுவதற்கு முன்னால் அந்த வீடு நிற்க இடம் கட்டியாக வேண்டும். அப்பாவுக்கு அந்த வேலைதான். மண் சரியாமல் தடுப்புச் சுவர் எழுப்புவார். அந்தச் சுவரை மலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கட்ட வேண்டும். உள்ளே ஊறுகிற தண்ணீர் வெளியேற அடியில் குழாய்த் துண்டு வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் அடுத்த மழைக்குச் சுவர் சாலைக்கு வந்துவிடும். வீட்டுச் சுவர் வேலை வந்தால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் கை மலைப்பக்கமே சாயும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மழையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத் தடுப்புச் சுவர் இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டும் வேலையைத் திறன் தேர்வில் தேறிச் சான்றிதழ் வைத்திருக்கும் கொத்தனாருக்குத்தான் கொடுப்பார்கள் என்ற செய்தியோடு மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். குன்னூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சொந்தக் கடையைவிட அடுத்தவர்களின் விண்ணப்பங்களில்தான் அவருக்கு அக்கறை அதிகம். அவரால் ஆதார் திருத்தப்பட்டு, அப்பா பேரே மாறிப்போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

சான்றிதழ் இல்லாவிட்டால் கீழே சமவெளியிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் தன் ஆட்களோடு வந்துவிடுவார். அப்பா திருப்பூருக்குப் போக வேண்டியதுதான். முந்தின வருடமும் அப்படித்தான் போனார். தீபாவளிக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார், அவ்வளவுதான். அந்த வருடம் முழுவதும் சாயங்காலமானால் எனக்கு அழுகை வந்துவிடும். சான்றிதழ், டெண்டர் எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

முதல் தேர்வு குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நடந்தது. ஆளுக்கொரு இடம், செங்கல், சிமென்ட்டுக்குப் பதில் செம்மண் சாந்து. இடுப்புயரத்துக்கு ஒரு வீட்டுச் சுவர் கட்டிக் காட்ட வேண்டும். அப்பா கட்டினார். நடுவில், ஒரு குழாய்த் துண்டு கிடைக்குமா என்று கேட்டாராம். தேர்வு நடத்த வந்தவர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டிய குண்டு, தள்ளிப் போய் ஆடியது.

"ஐயா, இது வீட்டுச் சுவருங்க. நேரா இருக்கணும்."

"சாய்க்காம கட்டுனா மழைக்கு நிக்காதுங்களே."

"மண்டபத்துக்குள்ள ஏதுங்க மலை?"

நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். வீட்டுச் சுவர் சாய்ந்திருந்தால் உள்ளே யார் குடியிருப்பார்கள்? மாமா இதைப் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா ஜன்னல் வழியாக, பார்த்துப் பார்த்துச் சலித்த தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் இன்னொரு முறை கட்டிக் காட்டலாம் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போனது. வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவில்தான் கொஞ்சம் சமமாகத் தெரிகிற இடம். அப்பா வேலை முடிந்து வந்ததும் அங்கே மண் சாந்தில் ஒரு சுவர் கட்டுவார். அம்மா குண்டு பிடிப்பாள். சாய்ந்திருக்கும். "பிரிங்க" என்பாள். மறுநாள் மறுபடியும். நான் பள்ளிக்கூடம் போகும் முன் பாதிச் சுவரைத் தாண்டிக் குளிக்கப் போவேன், திரும்பும்போது சேற்றில் கால் வைத்து மறுபடியும் கால் கழுவுவேன். சீருடையில் செம்மண் இல்லாத நாளே கிடையாது. பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டு விட மறுக்குமா என்று எங்களுக்கு எரிச்சல். அம்மாவுக்கு அதைவிட எரிச்சல்.

அம்மா அப்பாவிடம் சித்தாள். சாந்து கலப்பாள், சட்டியைத் தலையில் சுமந்து சாரத்தில் ஏறுவாள், செங்கல்லை நனைப்பாள், வேலை முடிந்தால் இடத்தைக் கூட்டுவாள். கொத்தனாரின் சாந்துக் கரண்டியை மட்டும் தொட மாட்டாள். தொடக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எந்தப் பெண்ணும் தொட்டு யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் குண்டு வழக்கம்போலத் தள்ளி ஆடியதும் அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், சுவரைப் பிரித்தாள், அப்பா கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். மாமா டீ குடித்து முடித்து, இரண்டாவது டீயும் கேட்டு வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் சுவர் எழும்பிவிட்டது. மாமாதான் குண்டைத் தொங்கவிட்டார். தொட்டும் தொடாமலும் நின்றது.

அப்பா சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்க புள்ள கத்துக்கிட்ட?"

"ஏனுங்க, இத்தன வருசமா உங்க பின்னாடி சட்டியத் தூக்கிட்டு நிக்கறனே, எனக்கென்ன கண்ணு குருடா?"

அப்பா இன்னொரு தடவை சுற்றி வந்தார். மாமாவுக்கு மட்டும் மூளை வேலை செய்தது. தேர்வுக்குப் பெண்களையும் கூட்டி வரச் சொல்கிறார்களாம், ஆள் சேர்ந்த மாதிரி இருக்கும் என்று அம்மா பேரையும் சேர்த்துவிட்டார். "மாப்ள, தங்கச்சி பேரு சும்மா ஒரு கணக்குக்குத்தான். நீங்க பாஸ் பண்ணுங்க, டெண்டர உங்க பேர்லயே போட்டுக்கலாம்" என்று அப்பாவைச் சமாதானமும் செய்தார். அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் அம்மாவும் நானும் போட்டோ எடுக்கக் குன்னூர் போயிருந்தோம். திரும்பி வந்தால், அதே இடத்தில் ஒரு சுவர். இந்தமுறை மண் சாந்து இல்லை. கோழிக்கூண்டுக்கென்று வைத்திருந்த சிமென்ட்டைப் போட்டு அப்பா தன்னந்தனியாகக் கட்டி முடித்திருந்தார். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து போய்விட்டது. சிமென்ட் போன கோபம் ஒரு பக்கம், சுவர் பார்த்த பார்வைக்கே சாய்ந்திருந்தது இன்னொரு பக்கம். தூறல் வேறு. குண்டு பிடிக்க யாருக்கும் மனமில்லை. "நாளைக்கும் இதையேதான் கட்டி வெக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் சொன்னதுதான் நடந்தது. மண்டபத்தில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த இடம். நான் அப்பாவுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேன். அம்மா முதலில் முடித்தாள். குண்டு அசையாமல் நின்றது. அதே சின்ன வயதுக்காரர் இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா முகத்தை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை. கை கழுவக் குழாயடிக்குப் போகிறவள், நான்கு தடவை திரும்பித் தன் சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்பாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சுவரும் அநேகமாக முடிந்திருந்தது. திடீரென்று மேலே இருந்த மூன்று வரிச் செங்கல்லையும் எடுத்துக் கீழே வைத்தார். சாந்தைச் சுரண்டினார். மறுபடியும் அடுக்கினார். குண்டு தள்ளிப் போய் ஆடியது.

 நான் ஓவென்று அழுதேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தோற்றதற்குக்கூட அவர்மேல் அவ்வளவு கோபமில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் பல நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

வேறு வழியில்லாமல் மாமா அம்மா பேரில் டெண்டர் போட்டார். வேலை கிடைத்தது. பொம்பளை கான்ட்ராக்டரிடம் வர மாட்டோம் என்று இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். முதல் நாள் அம்மா பழக்க தோஷத்தில் சட்டியைத் தூக்கப் போனாள். அப்பா அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூடச் சுவர் மலைப்பக்கம் அழகாகச் சாய்ந்து இன்றும் நிற்கிறது. அப்பா அதன் பிறகு திருப்பூருக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கீழே இப்போது ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. அதில் கரண்டி பிடிக்கும் பெண்களும் உண்டு.

நேராக ஒரு சுவர் கட்டத் தெரியாத கொத்தனார் என்ற பேர் மட்டும் அப்பாவுக்கு நிலைத்துவிட்டது. கல்யாண வீடு, இழவு வீடு என்று பார்க்காமல் மாமா அந்தக் கதையை எடுத்துவிடுவார். சாம்பாரில் உப்பைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னால்கூட, "மொதல்ல சுவத்த நேரா கட்டுங்க" என்பாள் அம்மா. முழங்காலை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் நானும் என் பங்குக்குத் திட்டினேன். அப்பா எதற்கும் வாயைத் திறந்ததில்லை.

போன வருடம் ஸ்கூட்டர் வாங்கினேன். நிறுத்த இடமில்லை. இந்தச் சுவரை இடித்துவிடலாம் என்று முடிவானது. சம்மட்டியோடு ஆள் வந்து நின்றான். அம்மா, "இருப்பா, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு கடைசியா ஒருக்கா இவருக்குக் காட்டிப்போடறேன்" என்று குண்டை எடுத்துவந்து தொங்கவிட்டாள்.

தொட்டும் தொடாமலும் நின்றது.

அம்மா மறுபக்கம் போய்ப் பிடித்தாள். ஓரத்தில் பிடித்தாள். எங்கே பிடித்தாலும் நூல் பிசகவில்லை. சரிந்திருந்தது எங்கள் வாசல்தான். சரிவான தரையில் நேரான சுவர் சாய்ந்த மாதிரி தெரிந்திருக்கிறது. அம்மா குண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அப்பாவிடம் போனாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, இத்தன வருசம் திட்டு வாங்குனீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா டெண்டர உம்பேர்ல போட உட்டிருப்பயா புள்ள?" என்று கேட்டுவிட்டு, அப்பா டீயைக் குடித்தார்.

ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுவர் அங்கேயேதான் நிற்கிறது. என் ஸ்கூட்டர் சாலையில் நனைகிறது. நேற்றும் முழங்காலை இடித்துக்கொண்டேன்.

தேர்வன்று மாமா குழாயடிப் பக்கம் நின்றார். அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வரியையும் அப்பா எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தது நான் மட்டும்தான். ஒவ்வொரு செங்கல்லாக, உடையாமல், எவ்வளவு பதமாக எடுத்துக் கீழே வைத்தார்! கட்டத் தெரியாமல் எடுக்கிறார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.