அடிபம்பில் வந்த அரக்கு நிறம்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஒரு நாள் பள்ளியில் மதியச் சோறு இளஞ்சிவப்பாக வெந்தது.

சத்துணவு சமைக்கும் அக்கா அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அடிபம்புத் தண்ணீரின் நிறம் சமையலறை இருட்டில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சோறு முழுவதையும் கொட்டச் சொன்னார் தலைமையாசிரியை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அந்த அக்காவின் மகள்தான் என் நெருங்கிய தோழி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"இது உங்கப்பா போடற அரக்கு கலரு. உனக்கே தெரியும்."

தெரியும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அப்பாவின் சாயப்பட்டறை. பட்டு நூலைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி முக்கி எடுப்பார். அவர் கையில் வரும் அரக்கு வேறெங்கும் வராது என்று ஐயம்பேட்டையிலிருந்துகூட நூல் கொண்டுவருவார்கள். மீந்த சாயத் தண்ணீர் கால்வாயில் போகும். கால்வாய் பள்ளிச் சுவரை ஒட்டித் திரும்பும். சிமெண்டு பெயர்ந்து கிடந்த அந்தத் திருப்பத்தில்தான் அடிபம்பு இருந்தது. சமைக்கவும் குடிக்கவும் பள்ளிக்கு வேறு தண்ணீர் கிடையாது.

ஆனாலும் அவளிடம் சண்டை போட்டேன். தெருவில் இன்னும் இரண்டு பட்டறைகள் இருக்கின்றனவே என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. யார் சாயம் என்று சரியாகத் தெரிந்துகொண்டுதான் இனிப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் பம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதிய சீட்டை ஒட்டி வகுப்பு ஜன்னலில் வைத்தேன். அப்பா அன்று என்ன நிறம் போட்டார் என்று நோட்டில் குறித்தேன். முதல் வாரம் தோழி என் பக்கமே வரவில்லை. இரண்டாம் வாரம் அவளே வீட்டிலிருந்து காலிப் பாட்டில்கள் கொண்டுவந்தாள். நான்கு வாரம் விடாமல் செய்தோம். அப்பா பச்சை போட்டால் மூன்றாம் நாள் பம்பில் பச்சை. மாம்பழ மஞ்சள் போட்டால் மஞ்சள். மற்ற பட்டறைகளின் நிறங்களும் வந்தன. அதையும் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"தெருவுல மூணு பட்டறை இருக்குது. என்னுதுதான்னு எப்டிமா சொல்ற?" என்றார்.

நோட்டைக் கொடுத்தேன். இடது கையால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் பாட்டில் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதத்தான்பா நாங்க குடிச்சிக்கினு இருக்கிறோம். நீயும் குடிச்சிப் பாரு."

சோறு போடும் தொழிலையே தூற்றுகிறாயா என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா குடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை.

நானும் தோழியும் நகராட்சிக்கு மனு எழுதினோம். பம்பை மூடிவிட்டுப் பள்ளிக்குக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் எடுபடும் என்றார் தலைமையாசிரியை. எட்டு வீடு ஏறி இறங்கினோம். ஒருவரும் போடவில்லை. எல்லார் வீட்டிலும் தறி ஓடியது. சாயம் நின்றால் தறியும் நிற்குமே என்று பயந்தார்கள். வீட்டுக்கு வந்து, மறுநாளும் போவோம் என்று மனுவைப் பையில் வைத்தபோது அப்பா கையை நீட்டினார். வாங்கிப் படித்தார். முதல் வரியில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"என் பேரு மேல இருந்தா மத்தவங்களும் போடுவாங்க. எடுத்துக்கினு போ."

போட்டார்கள். நகராட்சிக்கு மூன்று முறை நடந்த பிறகு ஓர் அதிகாரி வந்து எங்கள் பாட்டில்களைப் பார்த்தார். பம்பு மூடப்பட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே குழாய் வந்துவிட்டது.

அப்பா வீட்டுப் பட்டறையை மூடினார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி வைத்திருந்த, ஊருக்கு வெளியே இருந்த பெரிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். தன் இஷ்டத்துக்குத் தொழில் செய்தவர், இன்னொருவர் சொல்லும் நிறத்தைப் போடப் போனார். அது அவருக்கு வலித்தது. எனக்கும்தான். என் மேல் கோபமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"இருந்துதுமா. உன் நோட்டுல ஒரு தப்பாவது இருக்கும்னு மூணு தரம் தேடிப் பாத்தேன். இல்ல," என்றார்.

மற்ற இரண்டு பட்டறைகளில் ஒன்று மட்டும் சாயத் தண்ணீரைக் கால்வாயில் விடுவதை நிறுத்தவில்லை. எட்டாம் வகுப்பில் நாங்கள் இரண்டாவது மனுவை எழுதினோம். அந்த முறை கையெழுத்துக் கேட்க, வீடு வீடாக எங்களோடு அம்மாவும் நடந்தாள்.