மாக்கிரட் வறுத்த மிளகாய்

இத்தாலியின் பலெர்மோவில் மாக்கிரட்டைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் நல்லதுதான் சொல்வார்கள். கை சுத்தம், வேலை சுத்தம். வயதான இத்தாலியச் சீமாட்டி, ஒரு சினியோரா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் அந்தச் சினியோரா கண்ணை மூடும்வரை விட்டுவிட்டு வரமாட்டாள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து, கலியாணம் கட்டின கையோடு இங்கே வந்து, வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், வெயில் படாத கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினவள். எல்லாம் சரி. ஆனால் மற்றவளுக்கு ஒரு நல்லது நடந்தால் அவளுக்கு வயிறு பற்றி எரியும். அதை மறைக்கவும் தெரியாது, பாவம். முகம் சுண்டிப்போய்விடும்.

மொனிகா அவளோடு ஒரே காலத்தில் வந்தவள். முதல் வருடங்களில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார்கள். பிறகு மொனிகா வியா மக்வேதாப் பெருந்தெருவுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், பல்கனியோடு வீடு வாங்கினாள். அன்றைக்கு மாக்கிரட் சோறு தின்னவில்லை. ஆனாலும் அந்த எரிச்சல் மெல்ல ஆறிப்போனது. காரணம் மாதா.

மடு மாதாவின் சுரூபம் மே மாதம் முழுக்கத் தமிழர் வீடுகளைச் சுற்றி வரும். மற்ற மாதங்களில் மொனிகா வீட்டில் தங்கும். ஒக்டோபர் மாதச் செபமாலைக்கு எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். தொடக்கி வைப்பது மாக்கிரட். அவள் குரல் எழும்பின பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். வீடு மொனிகாவுடையது, மாதாவுக்கு முன்னால் முதல் இடம் தன்னுடையது என்று அவள் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

அந்த வீட்டைத்தான் இந்த வருடம் மொனிகா விற்க வெளிக்கிட்டாள். மிலானோவில் இருக்கிற மகள் பிள்ளைத்தாய்ச்சி. பிரசவத்துக்கு முன்னம் போய்ச் சேர வேண்டும்.

வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். அலுமாரிக்கு மேல் கூரை முட்டச் சூட்கேசுகள். சுவரெல்லாம் பிள்ளைகளின் முதல்நன்மைப் படங்கள். கட்டிலுக்குக் கீழே மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுச் சட்டிகள். பாதியைக் கட்டி எங்காவது கொண்டுபோய் வை, வாங்க வருகிறவன் இது தன் வீடு என்று நினைக்க வேண்டும், சுவரில் உன் பிள்ளைகள் நின்றால் எப்படி நினைப்பான் என்றான். சுரூபமும் வேண்டாம். முக்கியமாக, ஆட்கள் வீடு பார்க்க வரும் நாட்களில் சமையலே கூடாது.

சாமான் கட்ட மாக்கிரட் போனாள். அங்கே நிரோசினி முதலே வந்து நின்றாள். நேற்று வந்த பெட்டை, சாந்தனைக் கட்டி வந்து சில வருடங்கள்தான். ஆனால் மொனிகா அக்கா, மொனிகா அக்கா என்று குழைந்து குழைந்து வீட்டுக்குள் புகுந்துவிட்டாள். ஏஜென்சிக்காரனோடு இத்தாலியனில் பொரிந்து தள்ளுகிறாள். எதைக் கட்டுவது, எதை எறிவது என்று மொனிகா அவளைத்தான் கேட்கிறாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தது. பூப்போட்ட தாள் கிழிக்காமல் அப்படியே இருந்தது. வீடு குடிபூரலுக்கு மாக்கிரட் கொண்டுவந்த கோப்பைகள்.

"இதை நீ பிரிக்கவே இல்லையோடி?" என்றாள் மாக்கிரட்.

"ஐயோ, ஆருக்கும் கொண்டாட்டம் வந்தால் குடுப்பம் எண்டு பத்திரமா வைச்சனான்." மொனிகா கூசாமல் சொன்னாள். எல்லோரும் செய்கிற வேலைதான். மாக்கிரட் வீட்டிலும் அப்படி நாலு பெட்டி கிடக்கிறது. ஆனால் நிரோசினி கொடுத்த மணிக்கூடு விறாந்தையில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்ததே!

அதைக்கூட விழுங்கிக்கொண்டாள். கடைசியில் மாதாவை எடுத்துத் துடைத்தபோது, "என்ரை வீட்டை கொண்டுபோறன்," என்றாள்.

"உன்ரை வீடு ஈரமெல்லே, மாக்கிரட். போன மாரியிலை சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிச்சதெண்டு நீதானே சொன்னனீ. வெள்ளைச் சுரூபம், கறுத்துப்போம். நிரோசினி வீட்டை வைப்பம்."

"நான் நல்லாப் பாப்பன் அக்கா, பயப்பிடாதேங்கோ," என்றாள் நிரோசினி, மாதாவைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி அணைத்துக்கொண்டு.

ஈரம் உண்மைதான். உண்மை என்பதால்தான் இன்னும் எரிந்தது. இனி ஒக்டோபரில் செபமாலை நிரோசினி வீட்டில். தொடக்குவதும் அவளாகத்தான் இருக்கும். அன்றிரவு மாக்கிரட் புருசன் லூர்துவிடம், "விக்கட்டும் பாப்பம், எப்பிடி விக்கிறாள் எண்டு," என்றாள். வீடு விலைபோகாவிட்டால் மொனிகா போகமாட்டாள். மாதா திரும்பி வருவா. கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை மிலானோவிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வீடு பார்க்க வருவதாக இருந்தது. மொனிகா வேலைக்குப் போகிற வழியில் வீட்டுத் திறப்பை மாக்கிரட்டிடம் கொடுத்து, யன்னல்களைத் திறந்துவிட்டுத் துடைத்து வை என்றாள். மாக்கிரட் யன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். ஒரு பை நிறையச் செத்தல் மிளகாயை எடுத்துப் பெரிய தாச்சியில் கொட்டி அடுப்பைக் கூட்டிவிட்டாள்.

மிளகாய் கருகும் கமறலை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. படிக்கட்டு முழுக்க இறங்கியது. கீழ்வீட்டுக் கிழவி யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மிலானோக்காரி இரண்டாம் மாடியில் நின்று இருமி, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். ஏஜென்சிக்காரன் கண்ணீரோடு மேலே வந்து ஏதோ கத்தினான். பின்னாலேயே, வேலையிலிருந்து ஓடிவந்த மொனிகா.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"மிலானோவுக்குக் கொண்டுபோக உனக்குக் கறித்தூள் வறுத்தனான். சமைக்கக் கூடாது எண்டுதானே சொன்னனீ, வறுக்கக் கூடாது எண்டு சொல்லேல்லையே."

மொனிகா அவளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்து அழத் தொடங்கினாள். "எனக்காகவோ மாக்கிரட்?" என்றாள். மாக்கிரட் ஓம் என்று தலையாட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் சந்தோசம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பிறகு வந்தவர்களை எல்லாம் கீழ்வீட்டுக் கிழவி வாசலிலேயே மறித்து அன்றைய கதையைச் சொல்லி அனுப்பினாள். மேலே ஏறினவர்களும் திரைச்சீலைகளை முகர்ந்து மூக்கைச் சுருக்கினார்கள். வெயில் காலம் வந்தது. ஒருத்தரும் திரும்பி வரவில்லை. மொனிகாவின் முகத்தில் களை போய்விட்டது. அதைப் பார்த்து மாக்கிரட் தன் வீட்டில் இரண்டு முட்டை பொரித்துச் சோற்றோடு வயிறாறத் தின்றாள்.

மகளுக்கு நாள் நெருங்கியது. மொனிகா விலையை இறக்கினாள். பிறகும் இறக்கினாள்.

விற்றாயிற்று என்ற செய்தி கோயில் வாசலில்தான் மாக்கிரட்டுக்குக் கிடைத்தது. பூசை முடிந்து சனம் கலைகிற நேரம். நிரோசினி ஓடிவந்து எல்லோருக்கும் முன்னால் அவளைக் கட்டிப்பிடித்தாள். கன்னம் இரண்டிலும் கொஞ்சினாள்.

"அக்கா, வீடு எங்களுக்கே வந்திட்டுது! நேற்றுக் கையெழுத்து வைச்சிட்டம்."

"எந்த வீடு?"

"மொனிகா அக்கான்ரை வீடுதான். முதல் சொன்ன விலைக்கு நாங்கள் கிட்டவும் போயிருக்கேலாது. அண்டைக்கு நீங்கள் தூள் வறுத்தபடியாலைதான் அந்த இத்தாலியன்கள் எல்லாம் ஓடினவங்கள். எங்களுக்கு அந்த மணம் என்ன செய்யும்? சாந்தன் படியேறேக்கையே சொன்னவர், எங்கடை வீடு மாதிரி மணக்குது எண்டு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாக்கிரட்டின்ரை கைராசி என்றார் ஒருவர். தூரத்தில் மொனிகாவும் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மாக்கிரட் நிரோசினியின் முகத்தையே பார்த்தாள். பல்கனி, மூன்றாம் மாடி, எல்லாவற்றையும் இவளுக்கு யார் கொடுத்தது? மொனிகாகூட இவளிடம் மாதாவைத்தான் கொடுத்துவைத்தாள். வீட்டையே கொடுத்தவள் மாக்கிரட், அதுவும் அடுப்படியில் நின்று, வியர்த்து வழிய வறுத்து.

"வாற ஞாயிறு சுவாமி வந்து வீடு ஆசீர்வதிக்கிறார் அக்கா," என்றாள் நிரோசினி, இன்னும் கையை விடாமல். "முதல் ஆளா நீங்கள்தான் வரவேணும். வருவியள்தானே?"

"ஓம் பிள்ளை," என்றாள் மாக்கிரட். "வாறன்."