வெஸ்லினின் எதிர்க்கட்சி

காலி வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஆர்டிஸ் ருஸ்டாடிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வண்டியை நிறுத்த மாட்டார்; அந்த இரைச்சலுக்கு மேலே கத்துவார். செத்துப்போன புருஷனின் விதைக் கம்பெனித் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உட்கார்ந்து ஓட்டுகிற சிவப்புப் புல்வெட்டி வண்டி. கண் மங்கிவிட்டது என்று கார் ஓட்டும் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். "கார்தானே ஓட்டக் கூடாதுன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து தபால் எடுக்க, சர்ச்சுக்குப் போக, சண்டை போடப் போக, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான்.

ஓலாண்ட் குடும்பம் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர்கள் வீட்டு முற்றத்துப் புல் இன்னும் கம்பளம் விரித்த மாதிரிதான் இருக்கிறது. ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியதும் ஆர்டிஸ்தான். இப்படி ஊரில் ஏழெட்டு வீடுகள். ஆள் இருக்கிற வீடுகளைவிட ஆள் இல்லாத வீடுகள்தான் எங்கள் ஊரில் பளிச்சென்று இருக்கும். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நெடுஞ்சாலையில போறவன் திரும்பிப் பாப்பான்ல? ஊர் செத்துக் கிடக்குன்னு எவனும் சொல்லிட்டுப் போகக் கூடாது. நான் சொல்ல விட மாட்டேன்."

வெஸ்லினில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆனாலும் வடக்கு டகோட்டா சட்டப்படி இது நகரம். மேயர் உண்டு, மன்றம் உண்டு, தேர்தல் உண்டு. ஊரை அளந்து போட்டவர்களுக்கு ஆசை அதிகம். ரயில் வந்த புதிதில், ஆயிரம் ஆயிரமாய் ஜனம் வந்து இறங்கப் போகிறது என்று பதினான்கு தெருக்களுக்குக் கல் நட்டுவிட்டார்கள். நாலு தெருவில் வீடு வந்தது. மற்ற தெருக்களில் இன்றைக்கும் கோதுமைதான் விளைகிறது. ஒரு காலத்தில் அறுநூறு பேரும் இரண்டு ஓட்டலும் சொந்தமாக ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் இருந்தனவாம். இந்தச் சரித்திரத்தை ஆர்டிஸ் வாயால் கேட்டால் வசவு மாதிரி இருக்கும்.

"பேங்க்காரன் ராவோட ராவா போனான். ரயில்காரன் தண்டவாளத்தையே உருவிக்கிட்டுப் போனான். பள்ளிக்கூடத்தை மூடுறதுக்கு ஆளுங்க வந்தாங்க, நம்ம சனம் அவங்களுக்குக் காபியும் கேக்கும் குடுத்து அனுப்பி வெச்சுது. ஒருத்தரும் எதுத்து ஒரு வார்த்தை பேசலை. நானுந்தான் கேக் வெட்டிக்கிட்டு நின்னேன். அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது."

அந்த வயிற்றெரிச்சலில்தான் அவர் அரசியலுக்கு வந்தார். இனி வெஸ்லினில் எந்த விஷயமும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறாது என்று முடிவு கட்டிவிட்டார். கிறிஸ்துமஸ் விளக்கு வாங்கும் தீர்மானத்தைக்கூட எதிர்த்திருக்கிறார். பிறகு விளக்கைக் கட்டியதும் அவரே. நாலு வருஷத்துக்கு ஒருமுறை மேயர் பதவிக்கு நிற்பார். ஒவ்வொரு முறையும் டுவேன் ஹைன்லியிடம் தோற்பார்.

டுவேன் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். டிராக்டர் விற்ற மனிதர். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல். காலி வீடுகளை இடித்துத் தள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. எலி சேர்கிறது, கூரை விழுந்தால் யார் பொறுப்பு என்பார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் காப்பிக்கடை மூடியபிறகு எல்லோரும் காலையில் என் தானியக் கிடங்கின் ஆபீசில்தான் கூடுகிறோம். பகடை உருட்டி, தோற்றவர் கோப்பை கழுவ வேண்டும். அங்கே இவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் மூக்கை ஒருவர் உடைக்காத நாளில் காப்பி எங்களுக்கு ருசிக்காது.

பிப்ரவரியில் டுவேனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. மகள் கார்லா அவரை நாற்பது மைல் தள்ளி ஹேஸ்டனில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். காப்பி மேஜையில் அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆர்டிஸும் அந்த நாட்களில் யாரையும் திட்டவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரலில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தங்கமான பெண், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேயர் பதவிக்கு மனு போட்டிருப்பது ஆர்டிஸ் மட்டும்தான். போட்டியில்லாத இடத்தில் வாக்குச்சாவடி வைப்பது வீண்செலவு; மாவட்ட, மாநிலப் பதவிகளுக்கு ஓட்டுப் போட நினைப்பவர்கள் ஹேஸ்டனுக்கு வரலாம். அப்படியே இந்த நகரம் என்கிற பட்டத்தையும் விட்டுவிட்டு மாவட்டத்தோடு சேர்ந்துவிடுவதைப் பற்றி ஊர்க்காரர்கள் யோசிக்கலாமே என்றார்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க, மிஸஸ் ருஸ்டாட்."

"யாரைம்மா ஜெயிச்சேன்? பேர் சொல்லு."

அந்தப் பெண் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார்.

"எதுத்து ஆள் இருந்தா சாவடி உண்டா?"

"கண்டிப்பா உண்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் மனு வாங்குவோம்."

அவர் கார் கண்ணுக்கு மறைவதற்குள் ஆர்டிஸ் காப்பி மேஜைக்கு வந்துவிட்டார். ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு விதைப்பு வேலை. மேயர் வேலை என்பது உறைந்துபோன தண்ணீர்க் குழாய்க்காகப் பாதி ராத்திரியில் எழுப்பப்படுவது என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் நான்தான் இரக்கப்பட்டேன்.

"சும்மா பேருக்கு வேணா நான் நிக்கிறேன், ஆர்டிஸ்."

"சும்மா நிக்கிறதுக்கு மின்கம்பம் இருக்குப்பா. என்னைத் தோக்கடிச்சே தீரணும்னு வெறி இருக்கிறவன் வேணும். உனக்கு அது கிடையாது. நீ மினசோட்டாக்காரன்."

இந்த ஊரில் பெண் எடுத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. இன்னும் நான் பக்கத்து மாநிலத்து மினசோட்டாக்காரன்தான்.

மறுநாள் என் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹேஸ்டனுக்கு விடு என்றார். டுவேன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மனிதரா இவர் என்று இருந்தது எனக்கு. ஆர்டிஸ் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"டேய் டுவேன், நான் மேயராயிட்டேன்டா. போட்டியே இல்லை."

அவர் திரும்பவில்லை.

"ஓலாண்ட் வீடு, பழைய பேங்க், பள்ளிக்கூடம், ஒண்ணையும் இடிக்க மாட்டேன். எல்லாத்துக்கும் பெயின்ட் அடிக்கப் போறேன். மஞ்சப் பெயின்ட். ஊர்ப் பணத்துல."

டுவேனின் கழுத்து சிவந்தது.

"ஆர்டிஸ் ஆன்ட்டி, அப்பாவுக்குக் கோபமே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்று கார்லா கெஞ்சினாள்.

"வரட்டும்டீ. கோபம் வந்தா என்ன பண்ணிடுவான்? இவன் இங்க உக்காந்து ஜன்னலைப் பாக்கட்டும். நான் ஊரை மஞ்சளா அடிக்கிறேன்."

"போ... டீ," என்றார் டுவேன்.

கார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் இத்தனை வாரமாக மல்லுக்கட்டியும் ஒரு முழு வார்த்தை வெளியே வந்ததில்லை. ஆர்டிஸ் கைப்பையிலிருந்து மனுவையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தார். டுவேன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹேஸ்டனில் மனுவை வாங்கிப் பார்த்த மாவட்ட அலுவலகப் பெண் தயங்கினார். "இவர் இப்ப ஹேஸ்டன்லதானே இருக்கார்?"

"அவன் இங்க படுத்திருக்கான். இருக்கிறது வெஸ்லின்லதான். அவன் வீடு அங்க இருக்கு, சண்டை அங்க இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?"

அந்தப் பெண் ஆர்டிஸையும் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பிறகு ஆரம்பித்தது பிரசாரம். நோயாளி என்று ஆர்டிஸ் துளி இரக்கம் காட்டவில்லை. புல்வெட்டி வண்டியில் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி, வீடு வீடாகப் புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தார். "டுவேனுக்கு ஓட்டுப் போட்டுப் பாரு. நாளைக்கு உன் மாட்டுக்கொட்டகையையும் இடிப்பான். தின்னுக்கிட்டே யோசி." அந்தப் பக்கம் டுவேனும் சும்மா இல்லை. கார்லா காலையில் காப்பி மேஜைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பாள். டுவேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இடி," என்பார். அதுதான் மொத்தப் பிரசங்கமும். மேஜை ஆரவாரம் செய்யும். மே மாதக் கடைசியில் "எலி" என்று இன்னொரு வார்த்தையும் சேர்ந்தது.

அந்த மே மாதத்தில்தான் டுவேன் வீட்டு முற்றத்தில் புல் தொடை உயரத்துக்கு வளர்ந்தது. ஊரில் அத்தனை காலி வீட்டிலும் வெட்டும் ஆர்டிஸ், தன் வீட்டுக்கு நேரெதிரே இருக்கும் அந்த முற்றத்தின் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லை. எவ்வளவு வன்மம் பார் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை என் சொந்தப் புல்வெட்டி வண்டியை எடுத்துக்கொண்டு நான் வெட்டப் போனேன். ஆர்டிஸ் ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அதுல கை வெக்காதே."

"ஏன், ஆர்டிஸ்? பாக்கவே நல்லா இல்லையே. பாவம், அந்த மனுஷன்..."

"நான் வெட்டுறதெல்லாம் காலி வீடு. இது காலி வீடு இல்லை." அவர் தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டார். உடனே குரலை உயர்த்தினார். "சோம்பேறி அவன். வந்து அவனே வெட்டட்டும்!"

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஊரை எதிர்க்கிற ஒருவர் ஊரை இவ்வளவு நேசிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். முடியும் போலிருக்கிறது. எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை. நகரமன்றக் கூடத்தில் சாவடி திறந்தது. ஒரு பெரிய பாத்திரத்தில் மாவுருண்டை சூப். இந்த ஊரில் எது நடந்தாலும் அது உண்டு. ஓட்டுப் போட வந்தவர்கள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் முதியோர் இல்லத்து வேனில் டுவேன் வந்து இறங்கினார். தலை வாரி, கழுத்தில் டை. ஆர்டிஸ் அவரைப் பார்த்து, "டை கட்டிக்கிட்டு வந்தா மட்டும் ஓட்டு விழுந்துடுமா?" என்றார். டுவேன் பதிலுக்கு இடது கையால் ஒரு சைகை காட்டினார். அதை இங்கே எழுத முடியாது.

எண்ணும் வேலைக்கு நியமித்திருந்த இருவரில் நான் ஒருவன். சீட்டுகளை இரண்டு அடுக்காகப் பிரித்தோம். இரண்டும் ஒரே உயரத்தில் வளர்ந்துகொண்டே வந்தன. சூப் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. முடித்து இரண்டு முறை கூட்டியபோதும் ஆர்டிஸுக்கு ஒரு ஓட்டு அதிகம்.

நான் அறிவித்தேன். இந்த ஊரில் ஆர்டிஸ் ஜெயித்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஆர்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். அவர் பார்வையெல்லாம் டுவேன் மீது இருந்தது. டுவேன் தலை குனிந்திருந்தார். கார்லா அவர் தோளில் கம்பளியைப் போர்த்தி, "போலாம்ப்பா, வேன் காத்துக்கிட்டிருக்கு," என்று நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள். நான் சீட்டுகளை ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டேன். மாவட்டத்திலிருந்து வந்திருந்த பெண் பையை மூடத் தொடங்கினார்.

நாற்காலி நகரவில்லை. டுவேன் இடது கையால் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தார்.

"என்னப்பா?"

அவர் வாய் கோணிக்கொண்டு போராடியது. நெற்றியில் வியர்த்தது. கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மறு... படி," என்றார். மூச்சு வாங்கினார். "மறுபடி... எண்ணு."

"ரெண்டு தடவை சரிபாத்துட்டோம், டுவேன்," என்றேன் நான், கூடிய மட்டும் மெதுவாக.

"எண்ணுடா!"

பழைய டிராக்டர் வியாபாரியின் குரல் அது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மறுகணமே ஆர்டிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, தன் வெற்றியை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, ரப்பர் பேண்டை அறுத்தெறிந்துவிட்டு, அத்தனை சீட்டையும் மேஜைமேல் கொட்டி இரண்டு கையாலும் கலைத்தார்.