வைன் போட்ட எங்கள் சம்பந்தி

செய்தி வந்தபோது நான் கனடாவில், விட்பியில் மகன் வீட்டுக் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ரெலிபோனை மருமகள் எலேனாதான் எடுத்தாள். தன் பாஷையில் இரண்டு சொல் கேட்டாள். பிறகு ஒன்றும் கேட்காமல் மாடிப்படியில் போய் இருந்துவிட்டாள். அவள் மடியில் கிடந்த ரெலிபோன் தன்பாட்டில் கதைத்துக்கொண்டே இருந்தது. மகன் அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"அம்மா, மாமா மோசம் போயிட்டார்."

நான் ஓம் என்று சொல்லிவிட்டு, அரிசியை இன்னொரு தண்ணீரில் களைந்து அடுப்பில் வைத்தேன். அந்தச் சோற்றை ஒருவரும் தொடவில்லை என்பதை அடுத்த நாள் பானையைத் திறந்தபோதுதான் கண்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. கை மட்டும் எழுதுகிறது.

எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாளுக்கு செத்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். காலஞ்சென்ற ரமோன் அவர்கள் ஸ்பெயின் தேசத்தவர், கத்தோலிக்கர். அவர்களிடம் இந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அவர் எனக்குச் சம்பந்தி, என் பேத்தி மாயாவுக்குத் தாயின் தகப்பன். "எங்கட ஆக்களுக்கும் அவர் ஆரெண்டு தெரியவேணும், நீங்கள் எழுதுங்கோ" என்று மகன் கேட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை கண்டால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

மகன் எலேனாவைத்தான் கட்டுவேன் என்று சொன்ன காலத்தில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பாட்மென்ற்றில் இருந்தோம். சனத்தின் வாய் சும்மா இருக்கவில்லை. பொம்பிளையின் தகப்பன் வீட்டிலேயே பீப்பாய் வைத்து வைன் போடுகிறவர் என்று எப்படியோ அறிந்து, மச்சாள் ஒருத்தி லிப்ற்றுக்குள் வைத்துக் கேட்டாள், "ஏன் மச்சாள், பொம்பிளை எடுக்கத் தவறணைக்குள்ளையோ போனனீங்கள்?" எனக்கும் அதே பயம்தான். குடி என்றால் எனக்குத் தெரிந்தது ஊரில் கள்ளுத் தவறணை வாசலில் வேட்டி அவிழக் கிடந்தவர்களும், அவர்கள் வீட்டுப் பெண்டுகளின் சத்தமும்தான்.

சம்பந்தம் பேச நானும் மகனும் என் தம்பியும் போனோம். நகரத்தின் மேற்குப் பக்கத்தில், முன்னால் கொடிமுந்திரிகை படர்ந்த சிறிய செங்கல் வீடு. ரமோன் அவர்களும் மனைவி பிலாரும் எங்களுக்காக இறைச்சி இல்லாமல் சமைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் போட்டு அடை மாதிரி ஒன்று, அவரைக்கறி, பாண். வயிறாரச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் பழக்கப்படி எழும்பிக் கைகழுவி, கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டோம். சாப்பிட்ட இடத்தில் குந்தியிருப்பது மரியாதை இல்லை என்பது எங்கள் நினைப்பு.

ரமோன் அவர்கள் முகம் வெளிறிப்போய் வந்தார். சாப்பாட்டில் என்ன பிழை, பிள்ளையில் என்ன பிழை என்று மகளிடம் கேட்டாராம். எலேனா சிரித்துச் சிரித்து விளக்கினாள். அவர்கள் வீட்டில் சாப்பிடுவது பாதிதானாம். சாப்பிட்ட பிறகு அதே மேசையில் பொழுதுபடும்வரை இருந்து கதைப்பதும் பாடுவதும்தான் மற்றப் பாதியாம். அவர் எங்கள் கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கித் திரும்பவும் கொழுவினார். பிறகு கிற்றாரை எடுத்தார்.

அன்றைக்கு நான் அவருடைய பாட்டைக் கேட்டதைவிட அவருடைய கிளாசைப் பார்த்ததுதான் அதிகம். சின்னக் கிளாஸ். தூக்கி முதலில் மூக்கடியில் வைத்திருப்பார், கோயிலில் பூவை வாங்கி மணக்கிற மாதிரி. பிறகு ஒரு வாய். பிறகு வைத்துவிட்டு ஒரு பாட்டு. நாங்கள் வெளிக்கிடும்போதும் அந்தக் கிளாசில் மிச்சம் இருந்தது. திரும்பி வரும்போது சப்வேயில் தம்பியிடம் சொன்னேன்.

"உது குடி இல்லையடா."

"உது வேறை என்னக்கா, தீர்த்தமோ?"

"அது தெரியாது. ஆனால் குடி இல்லை."

அவரை நான் சம்பந்தி என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லின் அர்த்தத்தை மகனிடம் கேட்டறிந்து, அவரும் என்னைச் சம்பந்தி என்றே கூப்பிட்டார். கல்யாண வீட்டில் தன் ஆட்கள் எல்லோருக்கும் அப்படியே சொல்லி அறிமுகப்படுத்தினார். அவருடைய ஊர்க்காரரும் சிநேகிதருமான ஹூலியன் இன்றைக்கும் என்னை மிஸிஸ் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது உடைந்த இங்கிலீசு. அது போதுமாக இருந்தது.

அவர் பிறந்தது ஸ்பெயினின் வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு கிராமம். நடக்கத் தொடங்கிய வயதிலேயே திராட்சைத் தொட்டிக்குள் இறக்கி மிதிக்க விட்டார்களாம். இளமையில் கனடாவுக்கு வந்து, சுவருக்குச் சாந்து பூசும் வேலையில் காலம் முழுக்க நின்றார். "இந்த ஊர்ச் சுவருகளுக்கு என்ர முகம் தெரியாது, கையைத் தெரியும்" என்பார். ஒவ்வொரு இலையுதிர்காலமும் கலிபோர்னியாவிலிருந்து லொறியில் வரும் திராட்சைப் பெட்டிகளை வாங்கி, கராஜில் நசித்து, பேஸ்மென்ற்றில் இருந்த மரப்பீப்பாயில் ஊற்றி வைப்பார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊர்ப்பக்கத்து ஆட்கள் வந்து கூடுவார்கள். அவர் முதல் கிளாசைப் பிடித்து மணந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் மற்றவர்களுடைய கிளாசில் வைன் விழும். அதற்குப் பிறகுதான் கிற்றாரும் கைதட்டும் ஆட்டமும். நாட்டை விட்டு வந்தவர்களுக்கு அந்த ஒரு நாளில் நாடு பேஸ்மென்ற்றுக்குள் இருக்கும்.

மாயா பிறந்த வருடம் அவர் வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியால் வந்தவர் பிறகு வேலைக்குப் போகவில்லை. செங்குத்தான படியில் இறங்கி ஏறுவது ஆபத்து, பீப்பாயை ஆருக்கும் கொடுத்துவிடுங்கள் என்று பிலாரும் எலேனாவும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவர் காது கொடுக்கவில்லை.

மகனும் மருமகளும் வேலைக்குப் போன நாட்களில் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சப்வே ஏறி அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மம்மாவும் அப்பம்மாவுமாக ஒரு பிள்ளையைப் பார்த்தோம். பிள்ளை ஒரு பக்கம் ஸ்பானியத் தாலாட்டுக்கும் மறுபக்கம் என் தாலாட்டுக்கும் நித்திரை கொண்டது. இன்றைக்கு மாயா இரண்டு பாஷையிலும் என்னை ஏய்ப்பாள். அது வேறு கதை, எனக்குப் பெருமையான கதை.

அப்படி ஒரு நாள், மாயாவின் உடுப்பை மெஷினில் போடக் கீழே இறங்கினேன். பீப்பாயடியில் சம்பந்தி நின்று, புது வைனைக் கிளாசில் பிடித்து மூக்கடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார். எனக்கோ படியிலேயே குமட்டியது. கூழ்முட்டை மணம். சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பழுதான முட்டை மணக்கிறதே என்று இங்கிலீசில் சொன்னேன். அவர் கிளாசைத் திரும்ப மணந்தார். இன்னொரு தரமும் மணந்தார். பிறகு கிளாசைப் பீப்பாயின்மேல் மெல்ல வைத்தார்.

"சம்பந்தி, நோஸ் பினிஷ்" என்றார்.

ஏணியால் விழுந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு மணமும் தெரியவில்லை. கோப்பியும் தெரியாது, பிள்ளையின் தலை மணமும் தெரியாது. மணம் போனதோடு நாக்கின் ருசியும் போய்விட்டது. டொக்டரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் பீப்பாயை எடுத்துவிடுவார்கள், நவம்பரில் தலையாட்டும் உரிமை வேறு ஒருவருக்குப் போய்விடும், தான் ஒரு மூலையில் கதிரை போட்டு இருத்தப்பட்ட கிழவன் ஆகிவிடுவேன் என்று அவர் பயந்தார். சுவர் வேலையும் போய்விட்டது. மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். மேலே பிலார் நடக்கிற சத்தம் கேட்டது. அவர் குரலை இறக்கி, "நீங்கள் மணந்து சொல்லுங்கோ, நான் வைனைச் செய்யிறன்" என்றார்.

நான் ஒரு துளியும் வாயில் வைத்ததில்லை. மணக்க மட்டும் மணந்தேன். அவர் கிளாசை நீட்டுவார், நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தோசைமா புளிக்கிற மணம், நனைந்த சாக்கு மணம், காய்ச்சின சீனிப்பாகு மணம் என்று. கூழ்முட்டைக்கு அவர் வைனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் காற்றுப்பட வைத்தார். இரண்டு கிழமையில் அந்த மணம் போய்விட்டது. என்ன செய்யவேண்டும் என்பது முழுக்க அவர் கையில் இருந்தது, மணம் மட்டும்தான் அவரிடம் இல்லை. ஒரு நாள் நாவல்பழம் மணக்கிறது என்றேன். நாவல்பழம் என்றால் என்ன என்று கேட்டார். இங்கிலீசில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாக்கை நீட்டிக் காட்டி, ஊதா நிறமாகும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "குட் இயர்" என்றார்.

அந்த நவம்பர் ஞாயிறு பேஸ்மென்ற் நிறைய ஆட்கள். சம்பந்தி முதல் கிளாசைப் பிடித்து எல்லோருக்கும் கிட்டக் காட்டிக்கொண்டு சுற்றி வந்தார். மாயாவோடு படியடியில் நின்ற என் மூக்கடியாலும் அது போனது. பிறகு பீப்பாயடியில் நின்று, கிளாசைத் தன் மூக்கில் வைத்து, விளிம்புக்கு மேலால் என்னைப் பார்த்தார். வைனின் மணம் நல்லாயிருந்தது. நான் எங்கள் ஆட்கள் ஓம் என்று ஆட்டுகிற மாதிரித் தலையை இரண்டு பக்கமும் சரித்து ஆட்டினேன்.

அவர் முகம் விறைத்துப்போனது. தலையைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டினால் அவர்களுக்கு இல்லை என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போது யோசனையில் வரவில்லை. அவர் கிளாசை இறக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. நான் இன்னும் உறுதியாக ஆட்டினேன். அவர் இன்னும் வெளிறினார். வந்தவர்களின் கதை ஒவ்வொன்றாக நின்றது. ஹூலியன் தன் வெறும் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு ஓடி வெளித்தது. ஓணான் மாதிரித் தலையை மேலும் கீழும் போட்டேன். சம்பந்தி ஒரு மூச்சு விட்டு, திரும்பவும் ஒரு தரம் மணந்து பார்க்கிற பாவனை செய்து, தலையை ஆட்டினார். வைன் பாய்ந்தது. அன்றைக்கு அவர் கிற்றார் வாசித்த மாதிரி நான் பிறகு கேட்கவில்லை. பாட்டுகளுக்கு நடுவில் என்னிடம் வந்து, "சம்பந்தி, உங்கட தலை என்ர நெஞ்சை நிப்பாட்டப் பாத்தது" என்றார்.

அதற்குப் பின் வந்த நவம்பர்களிலும் அப்படியே நடந்தது. நான் தலையாட்டுவதை மட்டும் திருத்திக்கொண்டேன்.

போன கோடையில் மகன் விட்பியில் வீடு வாங்கினான். கார் இல்லாமல் அங்கிருந்து ஓரிடமும் போக முடியாது. ஒக்ரோபரில் சம்பந்தி ரெலிபோனில் மாயாவுக்குக் கிற்றார் வாசித்துக் காட்டிவிட்டு என்னிடம் ரெலிபோனைக் கொடுக்கச் சொன்னார். இந்த வருடத்துத் திராட்சை பீப்பாய்க்குள் போய்விட்டது, எப்போது வருவீர்கள் என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை என்றேன். அதற்குள் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நவம்பர்க் கூட்டம் நடக்கவில்லை. வீட்டுக்கு வருவதும் திரும்பப் போவதுமாக மாரி போனது. கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டார். ஆனாலும் என் கையைப் பிடித்து, "பீப்பாய்?" என்று கேட்டார். நான் மேலும் கீழும் தலையை ஆட்டினேன். நான் பீப்பாயைப் பார்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

செத்தவீட்டில் நான் என்ன செய்தேன் என்பது சரியாக நினைவில்லை. தேவாலயத்தில் குளிர், புதைகுழிப் பக்கத்தில் பனி. பிறகு எல்லோரும் அவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். மேசை நிறையச் சாப்பாடு இருந்தது. ஹூலியன் கீழே இறங்கி, பீப்பாயிலிருந்து ஒக்ரோபரில் போட்ட வைனைப் பெரிய சாடிகளில் பிடித்துக்கொண்டு வந்தார். தட்டத்தில் வைத்த கிளாசுகள் என்னைத் தாண்டிப் போயின.

தாண்டும்போதே தெரிந்துவிட்டது. வைன் முழுக்கப் புளித்துவிட்டிருந்தது. சம்பலுக்கு விடக்கூட யோசிக்கிற புளிப்பு. அவர் இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது அவருடைய செத்தவீட்டிலேயே, அவருடைய ஆட்களின் முன்னாலேயே அவிழப்போகிறது. பிலாரிடம் போய், குடிக்க விடாதீர்கள், நிறுத்துங்கள் என்று காதுக்குள் சொன்னேன்.

பிலார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வினாக்ரே" என்றாள். அந்தச் சொல்லை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. எங்கள் ஊரிலும் அந்தக் காடிக்குப் பெயர் வினாகிரிதான்.

ஹூலியன் கிளாசைத் தூக்கி மூக்கடியில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் அசையவில்லை. குடித்தார். பக்கத்தில் நின்றவரும் குடித்தார். ஒருவர் இருமவில்லை, ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஹூலியன் வெறும் கிளாசை இன்னொரு தரம் நிரப்ப நீட்டினார். பிறகு ஒருவர் பாட்டுத் தொடங்கினார், மற்றவர்கள் மேசையில் தட்டினார்கள்.

பிலார் என் கையை விடாமல், தன் உடைந்த இங்கிலீசில் மெதுவாகச் சொன்னாள். அதை எங்கள் பாஷையில் எழுதுகிறேன். "ஏணியாலை விழுந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். இவையளுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியுமெண்டது அவருக்கு மட்டுந்தான் தெரியாது."

ஆட்கள் போகப் பொழுதுபட்டுவிட்டது. நானும் பிலாரும் குசினியில் நின்று கிளாசுகளைக் கழுவினோம். சுடுதண்ணி கையில் பட்டதும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துக் கழுவினேன். அடியில் ஊதாக் கறை மட்டும் இருந்தது.

சம்பந்தி, ஒருவரும் ஒரு துளியும் கீழே ஊத்தவில்லை. நான் பாத்தனான். போயிட்டு வாங்கோ.