எல்லை வரிசையில் நின்ற லாரி

திருமழிசைத் தொழிற்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டிய காலத்தில் இருதயராஜ் காசிமேட்டில் மீன் வாங்காமல் வீடு திரும்பமாட்டான். அதில் பாதியைக் கரையான்சாவடியில் தன் தெருக்காரர்களுக்கே கொடுத்துவிடுவான். மனைவி புஷ்பா திட்டுவாள், அவன் சிரிப்பான். ஏற்றுமதி குறைந்து லோடு கிடைக்காமல் போனபோதுதான் துபாய்க்குப் போனான்.

அங்கே குளிர்பதன லாரி கிடைத்தது. துபாய் துறைமுகத்தில் இறங்கும் உறைந்த கோழியைச் சவுதிக்குக் கொண்டுபோக வேண்டும். வளைகுடா நாடுகள் ஆறும் சுங்கத்தில் ஒன்றுசேர்ந்துவிட்டன என்று போனில் விளக்கினான்.

"ஒரு தபா துபாய்ல வரி கட்டிட்டா போதும் புஷ்பா. அப்பால சரக்கு சவுதி, குவைத்துன்னு போய்க்கினே இருக்கலாம்."

"அப்ப நீ இன்னாத்துக்குய்யா நாள் கணக்கா எல்லையில நிக்கிற?"

வரிதான் இல்லை, சோதனை உண்டு என்றான். சீல் உடையாமல் இருக்கிறதா, காகிதம் சரியா, டிரைவரின் விசா சரியா என்று பார்க்காமல் விடமாட்டார்களாம். அதுவரை பாலைவனத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும்.

அந்த ஜூலையில் அவன் உட்காரும் பக்கத்து ஏசி கெட்டுப்போயிருந்தது. சொல்லியும் கம்பெனியில் சரிசெய்யவில்லை. பின்னால் கோழிக்கு மட்டும் குளிர் ஓடிக்கொண்டிருந்தது. சவுதி சோதனை வரிசையில் முன்னால் நின்ற லாரி நகர்ந்தும் இவன் லாரி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்துப் பார்த்த மலையாளி டிரைவர் இறங்கிவந்து கதவைத் திறந்தார். இருதயராஜ் ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தான். உயிர் இல்லை.

கம்பெனி வேறு டிரைவரை அனுப்பியது. சரக்கு மறுநாளே ரியாத் போய்ச் சேர்ந்தது. உடலை அனுப்பத்தான் யாருக்கும் வழி தெரியவில்லை. விசா ஒரு நாட்டினுடையது, செத்தது இன்னொரு நாட்டில். இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டியது. தம்பி ஜஸ்டின் வேலையை விட்டுவிட்டுப் போனும் கையுமாக அலைந்தான். புஷ்பா துணிக்கடை வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிறது என்றாள்.

ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் பெட்டி வந்தது. விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஜஸ்டின் கையெழுத்துப் போட்டு வாங்கினான்.

திறக்கக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். முகத்தை மட்டுமாவது காட்டுங்கள் என்று புஷ்பா கேட்டாள். "வோணாம் அண்ணி," என்று ஜஸ்டின் குறுக்கே நின்றான். அவள் பலகைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். தூக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஜஸ்டினிடம் திரும்பினாள்.

"உள்ள இருந்தது அவருதானே ஜஸ்டினு? நீ பாத்தே இல்ல?"

"பாத்தேன் அண்ணி. அண்ணன்தான். தூங்கிக்கினு இருக்கற மாரி இருந்தாரு."

அவள் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். அவனுக்கும் விமான நிலையத்தில் யாரும் பெட்டியைத் திறந்து காட்டவில்லை.