ஆறாவது வெள்ளை மைவி

பள்ளி வேன் ஓட்டிய இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. இதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிரும். லகாட்டிலும் ஈப்போவிலும் நான் ஏற்றி இறக்கிய பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட நான், மலையில் வேலைக்குப் போன முதல் நாளே, அறுபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒருவரைத் தொலைத்தேன்.

வேனை விற்ற பிறகு எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஆகாது. வீட்டுக்காரர் குளிக்கப் போனால்கூட, "ரெண்டு நிமிசம்தான், வெளிய வாங்க!" என்று கதவைத் தட்டினேன். "உன்ன யாராச்சும் வேலைக்கு எடுத்தா மெழுகுத்திரி ஏத்துறேன் லா" என்று மனுஷர் அழாத குறையாகச் சொன்னார். அப்போதுதான் டவுனில் சுற்றுலா ஏஜென்சி வைத்திருக்கும் ஒரு தம்பி கூப்பிட்டான். சொந்தக் காரில் மலையேற வருகிறவர்களுக்கு முன்னால் என் காரை ஓட்ட வேண்டும். அடிவாரத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து மலைமேல் இருக்கும் கம்போங் ராஜா வரைக்கும் வாக்கி டாக்கியில் வளைவு சொல்லி, காட்சி காட்டி, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"ஒரே ஒரு ட்ரிப் பாக்கலாம் அக்கா. ஒரு கம்ப்ளேன் வந்தாலும் அடுத்தது இல்ல, ஓக்கே?" என்றான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசை. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அன்று காலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். கர்த்தர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருப்பார்.

வந்தவர்கள் சித்தியவான் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ரப்பர்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகி, பள்ளியும் இடம் மாறி, இவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து, இப்போது வாட்சப்பில் ஒன்று கூடியிருந்தார்கள். மொத்தம் ஆறு கார். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். பெட்ரோல் நிலையத்தில் இறங்கியதுமே ஒருவர் இன்னொருவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கடைசி காரான வெள்ளை மைவியில் தனியாக வந்தவர் மட்டும் சட்டையை உள்ளே விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவரைப் பார்த்ததும், கம்ப்ளேன் வந்தால் இங்கிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் தண்டாஸ் போய்ட்டு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம்!

 ஆறு காரும் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று பேர் நிஜமாகவே கழிவறைக்குப் போனார்கள்.

சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போயின. பாதை ஏற ஏற எனக்குக் கால் தரையில் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் நிறையக் காடு, திறந்த ஜன்னலில் ஏசி தோற்றுப்போகும் குளிர். காது அடைத்தது. "எச்சில் முழுங்குங்க, காது தொறந்துக்கும்" என்று வாக்கி டாக்கியில் சொன்னேன். "முழுங்கியாச்சு டீச்சர்!" என்று பதில் வந்தது. மூன்றாவது காரில் ஓர் அக்கா பாட்டெடுக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு சுருதியில் சேர்ந்துகொண்டார்கள். எதிரே காய்கறி லாரி ஒன்று இறங்கி வந்தது. "லாரி வருது, இடது ஒட்டுங்க, பாட்ட நிறுத்துங்க!" என்று கத்தினேன். காரை ஒட்டினார்கள். பாட்டை நிறுத்தவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மூடுபனி இறங்கியது. என் காரின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. எல்லாரையும் அபாய விளக்கைப் போடச் சொல்லி, ஓரத்தில் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினேன். கண்ணாடியில் எண்ணினேன். மினுக் மினுக்கென்று ஒன்று, இரண்டு... ஆறு. கடைசியில் வெள்ளை மைவி மங்கலாகத் தெரிந்தது.

"எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்!" என்று கோரஸாகக் கத்தினார்கள். கிளம்பினோம்.

கம்போங் ராஜாவில் பனி விலகி வெயில் அடித்தது. தேநீர்க் கடை வாசலில் ஆறு காரும் வரிசையாக நின்றன. எனக்கு ஒரே பெருமை, கைப்பேசியை எடுத்து ஏஜென்சித் தம்பிக்கு, 'ஆறும் பத்திரம்' என்று செய்தி அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் திரும்பினால், வெள்ளை மைவியிலிருந்து ஒரு சீன அங்கிளும் அவர் மனைவியும் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள்.

அடி ஆத்தி!

"நாம்பாக் லம்பு, ஈக்குட் லா" என்றார் அங்கிள், மலாயில். பனியில் ஒன்றும் தெரியவில்லையாம், மினுக்குகிற விளக்கைப் பார்த்தாராம், தானும் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாராம். என்னைக் கும்பிடாத குறையாக நன்றி வேறு சொன்னார்.  தலைமையாசிரியருக்குப் போன் அடித்தால் லைன் இல்லை. வாக்கி டாக்கியிலும் சத்தமில்லை. மற்றவர்களை அங்கேயே டீ குடிக்கச் சொல்லிவிட்டு, காரைத் திருப்பி மறுபடியும் பனிக்குள் இறங்கினேன். இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றிய பேர், கர்த்தரே, இப்படியா போகணும்? வேலை போனால் போகட்டும், மனுஷர் முழுசாக இருந்தால் போதும் என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஓட்டினேன்.

நாங்கள் நிறுத்திய இடத்துக்குக் கீழே, இரண்டு வளைவு தள்ளி, ஓரமாக நின்றிருந்தது அசல் வெள்ளை மைவி. கதவைத் திறந்து காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் பச்சைப் பயறு நிறம்.

"வியூ பாக்கலாம்னு நிறுத்தினேன்," என்றார். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"வாந்தி எடுத்தீங்களா?"

"...ரெண்டு தடவ."

அட, இது எனக்குத் தெரிந்த வேலை. வேனில் வைத்திருந்த அதே பை இன்னும் என் சீட்டுக்கடியில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுத்தேன், முகம் துடைக்கத் துணி கொடுத்தேன், உலர்ந்த ஆசாம் போய்ப் பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். அந்தப் புளிப்புப் பழம் நாக்கில் பட்டதும் கண்ணை இறுக்கி மூடினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரியே. வாக்கி டாக்கியைச் சத்தம் தாங்காமல் அணைத்துவிட்டாராம். கொஞ்சம் தெளிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நான் வரலன்னு எப்பத் தெரிஞ்சது?"

"உடனே சார்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பொய் சொன்னதற்கு எனக்குள் சுருக்கென்றது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மாற்றிச் சொல்வது? முன்னால் நான், பின்னால் அவர், வளைவுக்கு வளைவு வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டே ஏறினோம்.

கடையில் தலைமையாசிரியரின் நாற்காலியில் சீன அங்கிள் உட்கார்ந்து, அவருடைய பங்கு கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் அங்கிளுக்குத் தமிழ்ப் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்கார அக்கா எங்களைப் பார்த்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"மச்சான், நீ இல்லாதது ஒருத்தருக்கும் தெரியல லா! இவரு கார விட்டு எறங்கினப்புறம்தான் தெரிஞ்சது. இந்த அக்காவும் பேயடிச்ச மாதிரி நின்னாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லிட்டேன் சார். மன்னிச்சிருங்க."

"தெரியும். முக்கா மணி நேரம் அங்க உக்காந்திருந்தவன் நான்தான லா."

அந்த நேரம் பார்த்து ஏஜென்சித் தம்பி போன் அடித்தான். எல்லாம் ஓக்கேயா என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியர் கையை நீட்டினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிச் சபைக் கூட்டத்தில் பேசுவது போல நின்று போனை வாங்கினார். என் கதை முடிந்தது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

"ஒரு கம்ப்ளேன் இருக்கு," என்றார். "இந்தம்மா வண்டிய எண்ணுறாங்க, மூஞ்சப் பாக்கறதில்ல. அடுத்த தடவ மூஞ்சயும் பாத்து எண்ணச் சொல்லுங்க."

தம்பி அந்தப் பக்கம் என்னவோ கேட்டான்.

"ஆமா, அடுத்த தடவதான். எங்க செட்ல வராதவங்க இன்னும் பத்துப் பேரு இருக்காங்க. இவங்கதான் வரணும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பக்கத்தில் இருந்த சீன அங்கிளின் டீயை எடுத்துக் குடித்துவிட்டேன்.

மலையிறங்கக் கிளம்பும்போது கண்ணாடியில் எண்ணவில்லை. காரை விட்டு இறங்கி, ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து முகம் பார்த்துக்கொண்டே போனேன். ஐந்து ஜன்னலிலும் நாக்கை நீட்டினார்கள், கண்ணடித்தார்கள், தொப்பியால் முகத்தை மூடி ஒளிந்தார்கள். ஆறாவது ஜன்னல் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அவர் சீட்டில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, ஆசாம் போய்க் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கையை உயர்த்தினார்.

"உள்ளேன், டீச்சர்."