கிளிப் எந்தப் பக்கம்?

கத்தி விற்கிற தொழிலில் வாங்க வருபவரின் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. இடுப்பைப் பார்க்க வேண்டும்.

யாங்கோனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு எதிரே இருந்த சந்தையில் எனக்கு ஒரு சாமான் கடை. பூட்டு, டார்ச் லைட், கத்தரிக்கோல், அவற்றோடு மடக்குக் கத்திகள். விரித்தால் ஒரு சாணுக்கு மேல் நீளும் பெரிய கத்திகள்தான் அதிகம் போகும். தாய்லாந்து எல்லை வழியாக வந்தவை. கைப்பிடியில் ஒரு கிளிப், அதற்கு மூன்று சின்ன ஸ்குரூ. அதைக் கழற்றி இடது பக்கம் மாட்டலாம், வலது பக்கம் மாட்டலாம், முனை மேலே பார்க்க மாட்டலாம், கீழே பார்க்கவும் மாட்டலாம். வாங்குகிறவர் சொல்கிற பக்கத்தில் மாட்டிக் கொடுப்பது என் வேலை.

இங்கே பெயருக்கு முன்னால் வயதுக்கேற்ப ஊ, கோ, டோ, மா என்று ஒரு மரியாதை ஒட்டும். சந்தை மேலாளர் ஊ பா தின் கடைக்கு அனுமதி கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "கத்தி விக்கிறது தப்பில்ல, கோ முத்து. ஆனா உன் கடைக் கத்தியால ஒரு வில்லங்கம் வந்துச்சுன்னா, மறுநாள் கடைக்குப் பூட்டுதான்." கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பயம் புரியும். அன்று முதல் கிளிப்பை எந்தப் பக்கம் கேட்கிறான் என்பதை வைத்தே ஆளை எடைபோட ஆரம்பித்தேன். ராணுவ ஆட்சி நடந்த தொண்ணூறுகளின் யாங்கோனில் சந்தேகப்படுவது ஒன்றும் அதிசயமில்லை. டீக்கடையில் தெரியாத ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அதுவரை எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் எல்லோரும் கால்பந்துக்குத் தாவிவிடுவார்கள்.

முதுகுப் பக்கம்

இந்த ஊரில் ஆண்கள் கட்டுவது லோஞ்சி. நம் கைலிதான், பை கிடையாது. பர்ஸைக்கூட முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். அப்படியிருக்க, கிளிப் வைத்த கத்தியை எங்கே மாட்டுவது? பெரும்பாலானவர்கள் முன்னால், முடிச்சுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். லோஞ்சியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவிழ்த்து உதறிக் கட்டுவது இங்கே வழக்கம். கத்தி இருப்பதை மறந்து உதறி, கால் பெருவிரலில் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஒரு நாள் கட்டுமஸ்தான இளைஞன் ஒருவன் வந்து, முதுகுப் பக்கம் செருகத் தோதாக மாட்டித் தரச் சொன்னான். முனை மேலே இருக்க வேண்டுமாம், சட்டென்று எடுக்க வரவேண்டுமாம். முதுகிலிருந்து கத்தி எடுக்கிறவன் எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாமல் எடுக்கிறான் என்றுதானே அர்த்தம்? எதற்கு முதுகுப் பக்கம் என்று இரண்டு தடவை கேட்டேன். அவன் என் தொப்பையை ஒரு முறை பார்த்துவிட்டு, இங்கே அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'அகோ' போட்டுச் சொன்னான்: "மீன் கூடை தூக்கறவன் நான். முன்னால மாட்டினா குனியறப்ப வயித்துல குத்துது, அகோ. உங்களுக்குச் சொல்லியா தெரியணும்?"

இடது பக்கம்

அடுத்து வந்தவன் வலது கையால் பணத்தை எண்ணினான், வலது கையால் கத்தியை விரித்துப் பார்த்தான், வலது கையால் மூக்கைச் சொறிந்தான். கிளிப்பை மட்டும் இடது பக்கம் மாட்டச் சொன்னான். கத்தி வேறு யாருக்கோ என்று முடிவுகட்டினேன். இடது கைக்காரன் ஒருவன் எங்கேயோ ஒளிந்திருக்கிறான், இவன் தரகன். ஸ்குரூவை வேண்டுமென்றே மெதுவாகத் திருகிக்கொண்டு, யாருக்கு வாங்குகிறான் என்று விசாரித்தேன்.

அவன் பஸ் கண்டக்டர். வாசற்படியில் தொங்கிக்கொண்டே போகிற உத்தியோகம். கூரை மேல் கட்டிய மூட்டைகளின் கயிற்றை நிறுத்தத்துக்கு நிறுத்தம் அறுக்க வேண்டுமாம். "வலது கை கம்பிக்கு. அதை விட்டுட்டுக் கத்தியை எடுத்தா மூட்டை இறங்காது, அகோ, நான்தான் இறங்குவேன்."

எந்தப் பக்கமும் இல்லை

தாமுவேயிலிருந்து வந்த ஒல்லியான மனிதர் ஒருவரிடம் வழக்கம்போல் ஆரம்பித்தேன். இடதா வலதா? மேலேயா கீழேயா? என்ன வேலை? எந்தத் தெரு? வீட்டில் எத்தனை பேர்? நாலாவது கேள்வியில் அவர் முகம் வெளிறியது. என்னை அரசாங்கத்துக்கு உளவு எழுதிக்கொடுக்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். கத்தியைக் கண்ணாடிப் பெட்டி மேல் மெதுவாக வைத்து, இரண்டு கைகளையும் எனக்குத் தெரிகிற மாதிரி காட்டிக்கொண்டு பின்வாங்கினார்: "எனக்குக் கத்தி வேணாங்க. எனக்குக் கால்பந்து மட்டும்தான் தெரியும்."

சட்டைப் பை

எங்கள் கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர் சொக்கலிங்கம். மரக்கடை வைத்திருந்தார். என்னைத் தமிழில் திட்டுகிற உரிமை உள்ளவர். அவர் வந்து, கிளிப் பளபளவென்று இருக்கிற கத்தியாகப் பார்த்து எடுத்து, சட்டைப் பையில் மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்தார். சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். வட்டார ஆபீஸுக்காம்! என் கத்தியோடு! கடைக்குப் பூட்டு விழுகிற சத்தமே எனக்குக் கேட்டுவிட்டது. மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவர் பையிலிருந்து கத்தியை நானே உருவிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. விளக்கம்தான் சொன்னார். பையில் பேனா கிளிப் தெரிந்தால் ஆபீஸில் படித்த மனுஷன் என்று நாற்காலி போடுகிறார்களாம். இவருடைய பேனாவை மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டாளாம். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினார்: "சரிடா முத்து, கத்தியை நீயே வச்சுக்க. கிளிப்பை மட்டும் கழட்டிக் கொடு."

கிளிப்பே வேண்டாம்

இத்தனை பேரையும் சந்தேகப்பட்டு ஏமாந்தவன் அத்தோடு திருந்தியிருக்க வேண்டும். அப்போதுதான் மா தான் என்கிற பெண் வந்தாள்.

அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்து வெற்றிலை விற்கிறவள். முப்பது வயதிருக்கும். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். கடையிலேயே பெரிய கத்தியை எடுத்து, விரித்த அலகைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு நன்றாக நிற்குமா, அழுத்தினால் மடங்கிவிடாதே என்று கேட்டாள். பிறகு, கிளிப்பைக் கழற்றிவிடச் சொன்னாள். எதற்கு என்று கேட்டால் படகுத்துறையைத் திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டுத் துணியையும் பூட்டு விசாரணையையும் சேர்த்து, குடிகாரப் புருஷன் ஒருவனை நானே சிருஷ்டித்து, அன்று மத்தியானத்துக்குள் அவனைக் கொன்றும் போட்டுவிட்டேன். ஆனாலும் விற்றேன்; காலையிலிருந்து வேறு வியாபாரம் ஆகவில்லை. மறுபடியும் காரணம் கேட்டபோது அவள் சலித்துக்கொண்டாள்: "இடுப்புல மாட்டிக்கிட்டுச் சுத்த நான் என்ன ஆம்பளையா? கழட்டுங்க, படகு போயிடும்."

மேலாளர் கையில்

நாலாம் நாள் காலை ஊ பா தின் என் கடைக்கு வந்தார். கையில் அதே கத்தி. கிளிப் இல்லை, மூன்று ஸ்குரூ ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. "இது நீ வித்ததா?" என்றார். என் கண்ணுக்கு முன்னால் அந்தப் புருஷன் ரத்தத்தில் கிடந்தான். "இல்லை. என் கடைக் கத்தியில் கிளிப் இருக்கும்" என்றேன். குரல் நடுங்கவே இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்துப் பக்கத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்த டோ மேரி வந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. சந்தைச் செய்தி எல்லாம் அவர் கடையைத் தாண்டித்தான் போகும். படகுத்துறை நெரிசலில் யாரோ ஒரு வியாபாரியின் தோள்பையை அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எல்லோர் கூடையையும் கொட்டிப் பார்த்ததில் மா தானிடம் கத்தி. கோ முத்து கடையில் வாங்கியது, அவர்தான் கிளிப்பைக் கழற்றினார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் இல்லை என்றதும், திருட்டுக் கத்தி, பொய் வேறு சொல்கிறாள் என்று போலீஸுக்கு ஆள் அனுப்பப்போகிறார்கள். டோ மேரி என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தம்பி. அவ வாங்கினப்ப உனக்குச் சில்லறை மாத்திக் கொடுத்தது நான்தான்."

மேலாளர் அறையில்

உண்மையைச் சொல்கிறேன், உடனே எழுந்து ஓடவில்லை. கடையை ஒரு சுற்றுப் பார்த்தேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பூட்டையும் டார்ச்சையும் நம்பித்தான் சாப்பிட்டார்கள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பிறகுதான் கிளம்பினேன். மேலாளர் அறையில் மா தான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கூடை கவிழ்ந்து, வெற்றிலைக் கட்டுகள் அவிழ்ந்து மிதிபட்டுக் கிடந்தன. நான்தான் விற்றேன், நான்தான் கிளிப்பைக் கழற்றினேன், பயத்தில் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பறிபோன பை அவளிடம் இல்லை; கடையில் வாங்கிய கத்தி என்றும் ஆனதும் அவள்மேல் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை, விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு வாரம் பூட்டு. கத்திக்காக இல்லை, பொய்க்காக என்றார் ஊ பா தின்.

வெளியே வந்து கூடையை அடுக்க உதவப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். காம்பு நறுக்கத்தான் கத்தியாம்; கிளிப் பட்டால் வெற்றிலை கிழியும், கிழிந்த வெற்றிலையை யாரும் வாங்கமாட்டார்கள், அதற்காகத்தான் கழற்றச் சொன்னாளாம். மணிக்கட்டில் கொதிக்கிற சாதக் கஞ்சி பட்டுவிட்டதாம். புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறதாம். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடைசியாகச் சொன்னாள்: "நான் கத்தியை எல்லாருக்கும் தெரியறமாதிரி கூடை மேலதான் வச்சிருந்தேன், அகோ. மறைச்சது நீங்கதான்."

இத்தனை வருஷத்தில் நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் யோக்கியர்களாகவே இருந்து தொலைத்தார்கள். சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆளுக்குத்தான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துவிடுகிறேன்.